எம்ஜிபியின் சிவப்பு விளக்கு: போனது ஆல்டர்னேட்டர்தானா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருப்பவரிடம் மாமா வழியில் வந்த 1972 எம்ஜிபி ஜிடி ஒன்று, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், இருக்கிறது. ராத்திரியில் ஹெட்லைட் போட்டதும் டேஷ்போர்டில் சார்ஜ் ஆவதைக் காட்டும் சிவப்பு விளக்கு மங்கலாக எரிகிறது. இரண்டு நாள் ஓட்டாமல் விட்டால் செல்ஃப் எடுப்பதில்லை. புதுச்சேரியில் ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்தார்களாம், இன்ஜின் நின்றுவிட்டதாம். "டைனமோ போச்சு சார், வேற வண்டியோடத மாட்டிடலாம்" என்கிறார்கள். மாட்டலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது, பட்டறையில் டைனமோ என்று சொன்னது இதைத்தான்) மேல் நேராகக் குற்றம் சாட்டுவது பாதிதான். மீதிப் பாதி ஒயரையும் எர்த்தையும் (வண்டியின் உடம்பு வழியாகக் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) காட்டுகிறது. வேறு ஆல்டர்னேட்டர் போட்டும் ராத்திரியில் அதே சிவப்பு விளக்கு அதே மாதிரி எரிந்தால் அப்புறம் யாரைக் கேட்பது?

முதலில் அந்தச் சோதனையைப் பற்றி. டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். 1967 வரை வந்த எம்ஜிபியில் சார்ஜ் செய்தது பழைய வகை டைனமோதான், எர்த் ஆனதும் பேட்டரியின் பாசிட்டிவ் முனை. அந்த வருடக் கடைசியில் வந்த மார்க் 2-இல்தான் ஆல்டர்னேட்டரும் நெகட்டிவ் எர்த்தும் வந்தன. ஆல்டர்னேட்டரில் பேட்டரிதான் வோல்ட்டேஜைத் தாங்கிப் பிடிக்கிற மெத்தை. ஓடும்போது அதை உருவிவிட்டால் ஒரு கணம் வோல்ட்டேஜ் 40-ஐயும் தாண்டி எகிறலாம். உள்ளே இருக்கும் டயோடும் (ஏசி கரண்ட்டை டிசி ஆக்குவது) ரெகுலேட்டரும் (வோல்ட்டேஜைக் கட்டுக்குள் வைப்பது) சாக அந்த ஒரு கணம் போதும். அதோடு, ஐடிலிங்கில் நல்ல ஆல்டர்னேட்டரே பேட்டரி இல்லாமல் தடுமாறி இன்ஜினை நிறுத்திவிடக்கூடும். ஆக அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. நல்லதாக இருந்ததை அது கெடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பட்டறைக்காரரைத் திட்ட வேண்டாம். இந்தப் பழக்கம் ஊர் முழுக்க இருக்கிறது. ஆனால் அடுத்த முறை டெர்மினல் பக்கம் ஸ்பேனர் போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். வேலையை பேட்டரியில் ஆரம்பியுங்கள். உங்கள் வண்டியில் பேட்டரி ஒன்றல்ல, இரண்டு. சீட்டுக்குப் பின்னால், தரைப் பலகைக்கு அடியில், ஆளுக்கு 6 வோல்ட் என்று இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள் (ஒற்றை 12 வோல்ட் பேட்டரி 1974-க்குப் பிறகு வந்தது, யாராவது இடையில் மாற்றியும் இருக்கலாம்). ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 6.3 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து 12.6. சேர்த்துப் பார்க்கையில் 12.2 என்றால் பாதி சார்ஜ், 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. ஒன்று 6.3, இன்னொன்று 5.7 என்று வந்தால் மேற்கொண்டு ஆல்டர்னேட்டரைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்த ஒரு பேட்டரிதான் இரண்டு நாளில் செல்ஃபை நிறுத்துகிறது. அதோடு, இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் கேபிளின் லக்கை (முனையில் இருக்கும் உலோகப் பிடி) கையால் அசைத்துப் பாருங்கள். கீழே திறந்திருக்கும் பெட்டி அது, சாலைத் தண்ணீர் நேராக அடிக்கும் இடம். 2015 வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அந்தப் பெட்டியில் பேட்டரியைத் தாங்கும் விளிம்பு இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

பேட்டரி சரி என்றால் அதை வெளியே சார்ஜ் போட்டு நிரப்பிவிட்டு இன்ஜினை எடுங்கள். சுமார் 2000 ஆர்பிஎம்மில் வைத்து பேட்டரி முனைகளில் அளவிடுங்கள். 13.8-லிருந்து 14.5-க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் உயிரோடுதான் இருக்கிறது. இன்ஜின் நின்றிருந்தபோது இருந்த அளவே வந்தால் சார்ஜே ஆகவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர், அதாவது பட்டறைகளில் கட்அவுட் என்று சொல்வது, கைவிட்டுவிட்டது. அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பேட்டரித் தண்ணீர் வற்றும், பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். அப்புறம் ஹெட்லைட், பிளோயர், வைப்பர் எல்லாவற்றையும் போட்டு மறுபடி பாருங்கள். 13.5-க்குக் கீழே இறங்கக்கூடாது.

இதில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அந்தக் கால லூகாஸ் ஆல்டர்னேட்டர்கள் சின்னவை. 16ஏசிஆர் மாடல் என்றால் 34 ஆம்பியர், 17ஏசிஆர் என்றால் 36. அதுவும் முழு வேகத்தில்தான். இரண்டு ஹெட்லைட்டும் பின்விளக்குகளும் சேர்ந்து 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், இக்னிஷன் 4, பிளோயர் இன்னும் கொஞ்சம். புதுச்சேரி மரப்பாலம் சிக்னலில் லைட் எரிய, பிளோயர் ஓட, ஐடிலிங்கில் நிற்கும்போது வோல்ட்டேஜ் கொஞ்சம் சரிவது நோய் இல்லை. ஆக்சிலேட்டரைத் தொட்டதும் மேலே வந்துவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் யாராவது 100 வாட் பல்பு போட்டு வைத்திருந்தால் கணக்கே மாறிவிடும். கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து பல்பின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள்.

இப்போது அந்தச் சிவப்பு விளக்கு. எனக்கு இதுதான் சுவாரசியமான பகுதி, ஏனென்றால் மீட்டர் கையில் இல்லாதபோதும் பேசுகிற ஒரே பொருள் அதுதான். அதன் ஒரு முனை இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் வெள்ளை ஒயரில், மறு முனை ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் பழுப்பு மஞ்சள் ஒயரில். சாவியைத் திருப்பியதும் கரண்ட் பல்பு வழியாக ஆல்டர்னேட்டரின் சுழலும் காயிலுக்குள் போய், கார்பன் (சுழலும் வளையத்தை உரசி நிற்கும் சின்னக் கட்டை) வழியாக எர்த் ஆகிறது. அதனால் எரிகிறது. அந்தச் சின்னக் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை உசுப்பிவிடுவதும். இன்ஜின் ஓடி சார்ஜ் ஆரம்பித்ததும் பல்பின் இரண்டு முனையிலும் ஒரே வோல்ட்டேஜ், அதனால் அணைந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாக வரும். சாவியைத் திருப்பும்போது விளக்கு எரியவே இல்லையா? பல்பு ஃபியூஸ், அல்லது கார்பன் தேய்ந்துவிட்டது, அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. பல்பு போயிருந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தும் சார்ஜ் ஆகாமல் போகலாம். ஒரு பல்புக்காக ஆல்டர்னேட்டர் மாற்றியவர்கள் உண்டு.

மங்கலாக எரிகிறது என்றால் இரண்டு முனைக்கும் நடுவே கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது என்று பொருள். இரண்டில் எந்தப் பக்கம் குறைகிறது என்பதுதான் கேள்வி. பகலில், எந்த லோடும் இல்லாமல் ஓட்டும்போதும் மங்கலாகத் தெரிந்தால் உள்ளே ஒரு டயோடு போயிருக்கலாம். நீங்கள் சொல்வது அப்படி இல்லை, ஹெட்லைட் போட்டால்தான் எரிகிறது. ஹெட்லைட்டுக்குப் போகும் கரண்டும் இக்னிஷன் சுவிட்சுக்குப் போகும் கரண்டும் செல்ஃப் சோலினாய்டிலிருந்து (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) கிளம்பும் அதே பழுப்பு ஒயர்கள் வழியாகத்தான் போகின்றன. அந்த வழியில் எங்கேயோ ஒரு கனெக்டர் பச்சை பூத்திருந்தால், லோடு ஏறும்போது அங்கே வோல்ட்டேஜ் விழும், சுவிட்ச் பக்கம் குறையும், ஆல்டர்னேட்டர் பக்கம் அப்படியே இருக்கும். விளக்கு லேசாக எரியும். ஆல்டர்னேட்டர் மேல் தப்பே இல்லை.

உறுதிப்படுத்துவது எளிது. இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த பழுப்பு ஒயர் சொருகும் இடத்திலும், கறுப்பு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இடைவெளியில் ஏதோ ஒன்று கரண்ட்டைத் தின்கிறது. அதே மாதிரி ஆல்டர்னேட்டரிலிருந்து இக்னிஷன் சுவிட்சின் வெள்ளை ஒயர் வரை. அப்புறம் எர்த் பக்கம்: ஆல்டர்னேட்டரின் உலோக உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை. இங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் எர்த் ஸ்ட்ராப்பே அதற்கு வழி. அது அறுந்துபோனால் செல்ஃப் கரண்ட் சோக் கேபிள் வழியாகவும் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகவும் வழி தேடும். செல்ஃப் அடித்தபின் சோக் கேபிள் சுட்டால் வேறு சோதனையே வேண்டாம்.

தேவனாம்பட்டினத்துப் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. உப்புக்காற்றில் செம்பு லக்குகள் உள்ளுக்குள்ளேயே பச்சையாகி, வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். ஆல்டர்னேட்டரின் பின்னால் சொருகியிருக்கும் பிளாஸ்டிக் பிளக்கை உருவிப் பாருங்கள். உள்ளே ஒரு முள் கறுத்து, பிளாஸ்டிக் உருகியிருந்தால் விடை அங்கேயே கிடைத்துவிட்டது. பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். அந்தப் பழுப்பு ஒயரில் ஃபியூஸ் கிடையாது. ஸ்பேனர் பாடியில் பட்டால் ஒயரே சிவந்துவிடும்.

இரண்டு நாளில் பேட்டரி இறங்குவதற்கு இன்னொரு சோதனை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பேட்டரி நெகட்டிவுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் இணையுங்கள் (தவறியும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்). எல்லாம் அணைத்தபின் எதுவும் இழுக்காத வண்டி அது. சில மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டர் பிளக்கை உருவுங்கள். உடனே பூஜ்யத்துக்குப் போனால் டயோடு கசிகிறது, ராத்திரியெல்லாம் பேட்டரியை அதுதான் குடிக்கிறது. பிளக்கை எடுத்தும் குறையவில்லை என்றால் கசிவு வேறெங்கோ, பெரும்பாலும் பின்னாளில் யாரோ மாட்டிய ஸ்டீரியோவில்.

டயோடைப் பார்க்க இன்னொரு வழி, இன்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரியில் அளப்பது. அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் சந்தேகம். மலிவு மீட்டர்கள் சில டிசியையே ஏசி என்று காட்டி 25, 30 என்று பயமுறுத்தும். முனைகளை மாற்றி வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் ஓட்டுகிறது. சிவப்பு விளக்கும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஏறினால் பெல்ட்தான். அறுந்துவிட்டால் ஓட்டாமல் ஓரங்கட்டுங்கள். பெல்ட் நன்றாக இருந்து விளக்கு மட்டும் எரிந்தால் பதற வேண்டாம். பகலில் இக்னிஷன் மட்டும் பேட்டரியைத் தின்பது 4 ஆம்பியர் அளவுதான். புதுச்சேரியிலிருந்து வரும் வழியில் கன்னியக்கோவில் தாண்டும்போது எரிந்தாலும் கடலூர் வந்து சேர்ந்துவிடலாம், வழியில் இன்ஜினை அணைக்காமல் இருந்தால்.

சரி, எல்லாம் பார்த்தும் ஆல்டர்னேட்டர்தான் என்று முடிவானால்? நான் முதலில் சொல்வது அதையே பிரித்துச் சரிசெய்யுங்கள் என்பதுதான். உள்ளே இருப்பது ஒன்றும் ரகசியம் இல்லை: இரண்டு பேரிங், இரண்டு கார்பன், டயோடு பிளேட், கட்அவுட், சுற்றுக் காயில்கள். கார்பன் அதன் பெட்டிக்கு வெளியே 5 மில்லிமீட்டர்கூட நீட்டவில்லை என்றால் மாற்ற வேண்டும். சுழலும் காயிலின் இரண்டு செம்பு வளையங்களுக்கு நடுவே மீட்டர் வைத்தால் நான்கு ஓமுக்குப் பக்கம் வரும். வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவே எதுவும் காட்டக்கூடாது. இவை சரியாக இருந்தால் மீதி எல்லாம் சில்லறைச் சாமான்கள். இதற்கு நம் பக்கத்தைவிட நல்ல இடம் அமைவது கஷ்டம். லூகாஸ் டிவிஎஸ்ஸின் பெரிய தொழிற்சாலை சென்னை பாடியில், இன்னொன்று புதுச்சேரியிலேயே. ஆல்டர்னேட்டரைப் பிரித்துப் பழகிய கைகள் சுற்றுவட்டாரத்தில் நிறைய.

இன்னொரு சௌகரியமும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் பழைய அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினும் ஒரே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ் குடும்பம். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லிப் பட்டறைக்காரரைப் பயமுறுத்துவதைவிட, அம்பாசடர் பார்த்துப் பழகிய ஒரு வயதான எலக்ட்ரீஷியனைத் தேடிப் பிடியுங்கள். பானெட்டைத் திறந்ததும் "அட, நம்ம வண்டிதான்" என்பார். அதற்காக அம்பாசடர் ஆல்டர்னேட்டர் அப்படியே உட்காரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிராக்கெட் காது, புல்லி அகலம், பெல்ட் வரி மூன்றையும் மேசையில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள்.

புது வண்டியின் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை மாட்டுவது பற்றி: முடியாதது இல்லை. ஆனால் பழைய பழுப்பு ஒயர் அந்தக் கரண்ட்டுக்குப் போட்டதில்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து சோலினாய்டுக்கு 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் ஒன்று தனியாக இழுக்காமல் மாட்டினால், கனெக்டர் உருகி நாற்றம் வரும். ஏசி போட்ட வண்டிக்கு அது தேவைப்படலாம். ஹெட்லைட்டும் வைப்பரும் மட்டும் உள்ள உங்கள் ஜிடிக்கு எதற்கு?

கழற்றுவது அரை மணி நேர வேலை. பேட்டரி எர்த்தை எடுங்கள், பிளக்கை உருவுங்கள், அட்ஜஸ்டர் போல்ட்டையும் இரண்டு பிவட் போல்ட்டையும் தளர்த்தி பெல்ட்டை எடுங்கள், போல்ட்டுகளைக் கழற்றி உடம்பை வெளியே எடுங்கள். மாட்டும்போது இரண்டு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். முதலாவது, புல்லி நேர்கோடு. ஒரு நேரான கம்பியை கிராங்க் புல்லி மேல் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பெல்ட் பிய்ந்துகொண்டே இருக்கும். இரண்டாவது, பெல்ட்டை இறுக்க லீவர் போடும் இடம். புல்லி பக்கத்து முன் பிராக்கெட்டில் மட்டும்தான் நெம்ப வேண்டும். பின்பக்கத்தில் நெம்பினால் அலுமினிய உறை விரிசல் விடும், டயோடு பிளேட்டும் போகும். நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 13 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். அதைவிட இறுக்கினால் வாட்டர் பம்ப் பேரிங்கும் சேர்ந்து அழும்.

எல்லா ஒயர் முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து, சொருகும்போது பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். எர்த் ஸ்ட்ராப் மாட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வேண்டும். ஸ்ட்ராப்பையே புதிதாகப் போட்டுவிடுவது நல்லது, அதன் விலை ஒரு மதியச் சாப்பாட்டுக்கு மேல் வராது. அதன் பிறகு பேட்டரியை முழுக்க வெளியில் சார்ஜ் செய்து மாட்டுங்கள். காலியான பேட்டரியோடு புதிதாகச் சரிசெய்த ஆல்டர்னேட்டரை ஓடவிட்டால் முதல் நாளே அது முழு மூச்சில் சூடாகும்.

ஓட்டிப் பார்த்து 13.8-க்கு மேல் நின்றால் வேலை முடிந்தது. இன்னும் கொஞ்சம் செலவு செய்ய மனம் இருந்தால் ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடுங்கள். அந்தக் கரண்ட் சுவிட்ச் வழியாகச் சுற்றி வராமல் நேராகப் போகும், வெளிச்சம் கூடும், இக்னிஷன் பக்கமும் வோல்ட்டேஜ் விழாது. ஒரு வாரம் ஓட்டியபின் பெல்ட்டை மறுபடி பாருங்கள், புதிது கொஞ்சம் நீளும். அதற்குப் பிறகும் ஹெட்லைட் போட்டதும் சிவப்பு தெரிந்தால், ஆல்டர்னேட்டரைத் தொடாதீர்கள். இக்னிஷன் சுவிட்சையும் அதன் பின்னால் இருக்கும் பழுப்பு, வெள்ளை ஒயர்களின் முனைகளையும் கழற்றிப் பாருங்கள்.